எக்கார்ட் போட்ட விலை

அந்தக் காரில் எல்லாருக்கும் பட்ட ஒரே குறை, விலை குறைவாக இருந்ததுதான்.

சாம்பல் நிறம், இரண்டு கதவு, பின்பக்கம் ஆறு சிலிண்டர் இன்ஜின், கையால் கியர் போடுகிற வண்டி. வயது பத்து. ஓடியது எழுபத்திரண்டாயிரம் கிலோமீட்டர். பனிக்காலத்தில் கராஜை விட்டு நகர்ந்ததில்லை. மழையில், ஒரே ஒரு நாளைத் தவிர, நனைந்ததில்லை. இப்படி ஒரு வண்டி எண்பத்தோராயிரம் யூரோவுக்குக் குறையாது என்பது கார் பைத்தியம் பிடித்த எவனுக்கும் தெரியும். எக்கார்ட் ஹேபர்லே எழுதி வைத்துவிட்டுப் போன விலையோ எழுபத்தோராயிரத்து ஐந்நூறு.

விளம்பரம் போட்ட முதல் வாரத்தில் நாற்பது பேர் போன் செய்தார்கள். ஒருவரும் வாங்க வரவில்லை. எங்கே மோதியது, வெள்ளத்தில் மூழ்கியதா, திருட்டு வண்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்கள். விலை கூடினால் மனிதன் முணுமுணுப்பான், குறைந்தால் ஓடியே போவான். ரோஸ்விதா எல்லாருக்கும் ஒரே பதிலைச் சொன்னாள். “அது என் வீட்டுக்காரர் போட்ட விலை. நான் மாத்த மாட்டேன்.”

வீட்டுக்காரர் இறந்து பதினோரு வாரம் ஆகியிருந்தது.

இந்தப் பதினோரு வாரத்தில் ரோஸ்விதா அழவில்லை. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டும் இருக்கவில்லை. வரவில்லை, அவ்வளவுதான். பல் பிடுங்க ஊசி போட்டபின் கன்னம் நம்முடையதா அடுத்தவருடையதா என்று தெரியாமல் இருக்குமே, அப்படி உடம்பு முழுக்க இருந்தது. அடக்கத்தன்று வந்தவர்களுக்குக் கேக் பத்துமா என்று எண்ணிக்கொண்டிருந்தாள். மறுநாள் சனிக்கிழமை, வழக்கம்போல வீட்டு வாசல் நடைபாதையைப் பெருக்கினாள். எதிர்வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, கல் நெஞ்சு என்று ஊரெல்லாம் சொன்னாள். அதே எதிர்வீட்டுக்காரி, பெருக்காமல் விட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பாள்.

தெற்கு ஜெர்மனியின் கிர்ஹைம் ஊரில் எக்கார்டைத் தெரியாதவர்கள் குறைவு. கடைத் தராசும் பெட்ரோல் பம்பும் சரியாக அளக்கின்றனவா என்று சோதித்து முத்திரை ஒட்டுகிற அரசு அதிகாரி. முப்பத்தைந்து வருடம் அந்த வேலை. கசாப்புக் கடைக்காரரின் தராசு மூன்று கிராம் தள்ளி நின்றதற்காக, அவர் சொந்த மாமன் மகன் என்றும் பாராமல் கடையைப் பாதி நாள் மூட வைத்தவர். இருபது வருடம் காசு சேர்த்து அந்தக் காரை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்திருந்தால் மூன்று நான்கு மணி நேரம் ஓட்டுவார், திரும்பி வந்து எத்தனை கிலோமீட்டர் என்று எழுதுவார். வேறு ஆடம்பரம் கிடையாது.

பேச்சும் கிடையாது. கல்யாணமான புதிதில் ரோஸ்விதா, “சாப்பாடு எப்படி இருக்கு?” என்று கேட்டதற்கு, “தின்னலாம்” என்றார். அவள் வடக்கிலிருந்து வந்தவள். அன்று இரவு உம்மென்று இருந்தாள். மாமியார்தான் விளக்கினாள்: “இந்தப் பக்கத்துல திட்டாம விட்டாலே பாராட்டுனதாக்கும். தின்னலாம்னு வேற சொல்லிட்டானா? அப்போ ரொம்பப் பிடிச்சுப்போச்சு.” முப்பத்தொரு வருடத்தில் ரோஸ்விதாவும் அந்த மண்ணுக்குப் பழகிவிட்டாள்.

மண்டைக்குள் கட்டி என்று போன செப்டம்பரில் தெரிந்தது. அக்டோபரில் உல்ம் நகரத்தில் அறுவை. நவம்பருக்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். சரி என்று தலையாட்டிவிட்டு, டிசம்பர் முழுக்க கராஜில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, காரை விற்பதற்கான ஃபைலைத் தயார் செய்தார். பதினோரு பிரிவு, ஒவ்வொன்றுக்கும் வண்ண அட்டை. முதல் தாளில் விலை, அதன் கீழே ஒரு வரி: “மறைக்கப்பட்ட குறை எதுவும் இல்லை.” அதன் கீழே கையெழுத்து.

ரோஸ்விதா அந்த முதல் தாளைத்தான் படித்தாள். அடுத்த தாளைப் புரட்டியபோது, போகப் போக அவர் எழுத்து சிறுத்து ஒரு பக்கமாகச் சாய்வது தெரிந்தது. மூடிவிட்டாள். பிறகு திறக்கவில்லை.

முதல் தாளே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. ஏனென்றால் அந்தக் காரில் மறைக்கப்பட்ட குறை ஒன்று இருந்தது. மறைத்தவள் அவள்தான்.

அறுவை முடிந்த மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. ரத்த அழுத்தம் சரியில்லை, தீவிர சிகிச்சைக்கு மாற்றியிருக்கிறோம், வர முடிந்தால் வாருங்கள் என்றார்கள். வெளியே மழை. அவளுடைய சின்னக் கார் கிளம்பவில்லை, பேட்டரி செத்துக் கிடந்தது. கராஜில் சாம்பல் கார் நின்றது. எக்கார்ட் அவளை ஓட்டக் கூடாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. “கை மட்டும் நிதானமா இருக்கணும்” என்றுதான் சொல்வார். அதைக் கேட்டே அவள் தொடாமல் இருந்தாள்.

நெடுஞ்சாலையில் ஏறும் இடத்தில் பின்னால் ஒரு லாரி விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தது. மூன்றாவது கியரில் மிதித்தாள். முள் நூற்று நாற்பதைத் தாண்டியது. நான்காவதுக்கு நேராகக் கீழே இழுக்க வேண்டும். பயத்தில் இறுக்கிப் பிடித்த கை, கியரைத் தன் பக்கமாகச் சேர்த்து இழுத்துவிட்டது. அது இரண்டாவது. கிளட்சை விட்டதும் இன்ஜின் கத்தியது. அறுக்கப் பிடித்த பன்றி கத்துவதை அவள் சின்ன வயதில் கேட்டிருக்கிறாள், அந்தச் சத்தம். பின்சக்கரம் வழுக்கியது. எப்படியோ கிளட்சை மிதித்து, எப்படியோ ஓரம் கட்டி, ஐந்து நிமிடம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்துவிட்டு, மறுபடி கிளம்பிப் போய்ச் சேர்ந்தாள்.

எக்கார்ட் கண் விழித்திருந்தார். தலையைச் சுற்றிக் கட்டு. அவளைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி, “எதுல வந்தே?”

“ரயில்ல” என்றாள்.

“நல்லது. மழைக்கு ரயில்தான் நல்லது.”

முப்பத்தொரு வருடத்தில் அவரிடம் அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான். தலையில் கட்டுப் போட்டவரிடம் காரைப் பற்றிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அப்போது தோன்றியது. பிறகு சொல்லலாம், பிறகு சொல்லலாம் என்று பிப்ரவரி வந்துவிட்டது. ஊசிமுனை அளவு பொய்க்கும் கையெழுத்துப் போடாத மனிதர், அவள் பொய்யின் மேல் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். இது வெளியே வந்தால் ஊர் என்ன சொல்லும்? எல்லார் தராசையும் சோதித்தவர் தன் காரைப் பொய் சொல்லி விற்றார் என்று சொல்லும். இதை நினைக்கும்போது மட்டும் மரத்துப்போன உடம்பு கொஞ்சம் விழித்துக்கொள்ளும். அதுவும் உடனே அடங்கிவிடும்.

மே மாதத்தில், பிரேமன் நகரத்துத் தேயிலை வியாபாரி யெஸ்ஸென் என்பவர் போன் செய்தார். விலை ஏன் குறைவு என்று அவரும்தான் கேட்டார். ஆனால் ஓடவில்லை. சனிக்கிழமை வருகிறேன், என் செலவில் ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்தியிருக்கிறேன், வண்டியை அவர் பார்க்கட்டும் என்றார்.

சனிக்கிழமை காலை ரோஸ்விதா நடைபாதையில் பாதி பெருக்கியிருந்தபோது, எக்கார்டின் தம்பி ஃபோல்க்மார் வந்து நின்றான். யாரும் கூப்பிடவில்லை. சமையலறை அலமாரிகள் விற்பவன், பேசியே விற்பவன்.

“ரோஸ்விதா, கடைசியா ஒரு தடவை சொல்றேன். எண்பத்தொண்ணுன்னு சொல்லு. ஒம்பதாயிரத்து ஐந்நூறை யாராவது தெருவுல கொட்டுவாங்களா?”

“அவர் எழுதினது எழுபத்தொண்ணு ஐந்நூறு.”

“அவன் எழுதினான்! தலைக்குள்ள எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி உக்காந்திருந்துச்சு. கட்டி அழுத்தினதுல கணக்குத் தப்பிப்போச்சு, அவ்வளவுதான். இதைச் சொல்றதுக்கு எனக்கு மட்டும் சந்தோஷமா?”

அவளுக்குக் கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. எக்கார்டுக்குக் கணக்குத் தப்பியதா? தப்பியிருக்கலாம். கடைசி வாரங்களில் ஸ்பூனைத் தலைகீழாகப் பிடித்தார். ஆனால் டிசம்பரில் அப்படி இல்லையே. அவள் துடைப்பத்தை வேலியில் சாய்த்தாள். வாசலில் ஒரு பழைய வேன் வந்து நின்றது.

இறங்கியவள் மதிப்பீட்டாளர் டாக்மார். ஐம்பது வயது, எண்ணெய்க் கறை படிந்த மேல்கோட்டு, வாயில் பாதிக் கடித்த உப்பு ரொட்டி வளையம். பின்னாலேயே டாக்சியில் யெஸ்ஸென் வந்தார். உயரம், ஒல்லி, கழுத்தில் மடித்துக் கட்டிய துணி. ரோஸ்விதா காப்பியும் பின்னல் ரொட்டியும் கொண்டுவந்து கராஜ் மேசைமேல் வைத்தாள்.

“எங்க ஊர்ல தேநீர்தான்” என்றார் யெஸ்ஸென், காப்பியைப் பார்த்து.

“எங்க ஊருக்கு வந்துட்டா காப்பிதான்” என்றாள் டாக்மார். “குடிங்க, ஒண்ணும் ஆகாது. மேடம், நான் இவருகிட்டதான் கூலி வாங்குறேன், அதனால இவரு பக்கம் பேசுவேன்னு நினைக்காதீங்க. நான் வண்டி பக்கம். மாமியார் புது மருமகளைப் பார்க்கிற மாதிரிதான் பார்ப்பேன்.”

அப்படித்தான் பார்த்தாள். தீப்பெட்டி அளவு கருவி ஒன்றை ஒவ்வொரு தகட்டிலும் வைத்து, பெயின்ட் எவ்வளவு கனம் என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள். எங்கேயாவது கனம் கூடியிருந்தால் அங்கே அடிபட்டு மறுபடி பூசியிருக்கிறது என்று அர்த்தம். எங்கும் கூடவில்லை. டயரின் பக்கவாட்டில் எந்த வாரம் செய்தது என்று பார்த்தாள். நான்கும் ஒரே வாரம். அடியில் படுத்து விளக்கடித்தாள். சீட்டுப் பட்டையை முழுக்க வெளியே இழுத்து முகர்ந்தாள். வெள்ளத்தில் போன வண்டி என்றால் அங்கேதான் வாடை நிற்குமாம்.

“என்ன?” என்றார் யெஸ்ஸென்.

“ஒண்ணுமில்ல. இந்த மனுஷன் வண்டியை வச்சிருந்தாரா, கோயில் கட்டி வச்சிருந்தாரான்னு தெரியல.”

“அப்புறம் ஏன் விலை குறைவு?”

“அதைத்தான் நானும் தேடுறேன்.”

ஃபோல்க்மார் குறுக்கே பாய்ந்தான். “தேடவேண்டாம். எங்கண்ணன் உடம்பு சரியில்லாதப்போ எழுதின விலை. நியாயமா எண்பது வரும். நாங்க பெருந்தன்மையா விடுறோம்.”

“பெருந்தன்மைக்கு நான் காசு கொடுக்கிறதில்ல” என்றார் யெஸ்ஸென். “தேயிலைல யாராவது எனக்குப் பத்துல ஒரு பங்கு சும்மா குறைச்சா, மூட்டையோட அடியில கைவிட்டுப் பார்ப்பேன்.”

டாக்மார் வேனிலிருந்து ஒரு மடிக்கணினியும் வயரும் எடுத்து வந்தாள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓட்டையில் வயரைச் செருகினாள். “இனி வண்டியே பேசும். சாவியைக் கொடுங்க மேடம்.”

ரோஸ்விதாவின் சட்டைப்பையில் சாவி இருந்தது. இந்த வண்டியின் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்திருக்கும் என்று எக்கார்ட் ஒருமுறை சொல்லியிருக்கிறார். இன்ஜின் அளவுக்கு மீறிச் சுழன்றால் எத்தனை முறை, எத்தனையாவது மணி நேரத்தில் என்று குறித்துக்கொள்ளும். யாராலும் அழிக்க முடியாது. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும். சாவியை நீட்டினாள். வேறு யாருடைய கையோ நீட்டியதுபோல இருந்தது.

டாக்மார் திரையைப் பார்த்தாள். ரொட்டி மெல்லுவதை நிறுத்தினாள்.

“ஓ” என்றாள். “கிடைச்சிருச்சு.”

யெஸ்ஸென் எட்டிப் பார்த்தார். ஆறு வரி. அளவு மீறியதற்கு ஆறு படி உண்டு என்று டாக்மார் விளக்கினாள். முதல் மூன்று படி எல்லார் வண்டியிலும் இருக்கும், யாரும் கண்டுகொள்வதில்லை. நாலாவதிலிருந்துதான் தலைவலி. “இங்க பாருங்க, அஞ்சாவது படியில இருநூத்திப் பதினொரு பொறி தட்டியிருக்கு. எல்லாம் ஒரே தடவைல. வண்டி ஆயிரத்து நூத்தி அறுபத்து மூணு மணி நேரம் ஓடினப்போ. இப்போ மொத்தமே ஆயிரத்து நூத்தி அறுபத்தஞ்சுதான். அதாவது கிட்டத்தட்டக் கடைசியில. யாரோ நாலாவதுக்குப் பதிலா ரெண்டாவதைப் போட்டிருக்காங்க.”

“எங்கண்ணனா?” ஃபோல்க்மார் சிரித்தான். “அவன் கியர் போடுறது சர்ச்சுல மெழுகுவத்தி ஏத்துற மாதிரி இருக்கும். உங்க பெட்டி பொய் சொல்லுது.”

“பெட்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது சார். மனுஷங்களுக்குத்தான் தெரியும்.”

யெஸ்ஸென் மேசையில் இருந்த ஃபைலைத் திறந்து முதல் தாளைக் காட்டினார். அவர் குரல் உயரவில்லை, அதுதான் மோசமாக இருந்தது. “மறைக்கப்பட்ட குறை எதுவும் இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காரு. ஒண்ணு, உங்க வீட்டுக்காரருக்குத் தெரியல. இல்லன்னா தெரிஞ்சே எழுதியிருக்காரு. நான் இறந்தவரைப் பத்திப் பேச வரல. அறுபத்திரண்டுன்னா எடுத்துக்கிறேன். இல்லன்னா அடுத்த ரயில்.”

“பாத்தியா?” ஃபோல்க்மார் ரோஸ்விதா பக்கம் திரும்பினான். “நான் சொன்னேன்ல? அவனுக்கு நினைவு சரியில்ல. எதையோ பண்ணியிருக்கான், மறந்திருக்கான். கொடுத்துத் தொலை. ஊருக்குள்ள பேச்சு வராம முடியட்டும்.”

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. காப்பிக் கோப்பையின் விளிம்பில் ஒரு சின்ன விரிசல் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல், சொல் என்று உள்ளே யாரோ தூரத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

“ஒரு நிமிஷம்” என்றாள் டாக்மார். “இந்த ஃபைலை யாராவது முழுசாப் படிச்சீங்களா?”

யாரும் படித்திருக்கவில்லை.

“முப்பத்தஞ்சு வருஷம் தராசு சோதிச்சவர்னு ஊரே சொல்லுது. பதினோரு அட்டை போட்டுப் பிரிச்சு வச்சிருக்காரு. படிக்காம சண்டை போடுறீங்க. நல்ல ஆளுங்க.” கையைத் துடைத்துக்கொண்டு புரட்டினாள். டயர், பிரேக், எண்ணெய், பேட்டரி. ஏழாவது அட்டை நீலம். ‘இன்ஜின்’ என்று எழுதியிருந்தது. அதன் பின்னால், இப்போது அவள் திரையில் இருக்கும் அதே ஆறு வரிகளின் அச்சுத்தாள் இருந்தது. தேதி, டிசம்பர் ஒன்பது.

டாக்மார் சத்தமாகப் படித்தாள்.

“ஐந்தாம் படி, இருநூற்றுப் பதினொன்று. ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்றாம் மணி. வாங்குபவர் இதை அவசியம் அறிய வேண்டும். ஆறு சிலிண்டர்களும் டிசம்பர் பதினான்கில் பட்டறை ஆளால் கராஜிலேயே சோதிக்கப்பட்டன. கசிவு எதிலும் ஐந்து சதவீதத்தைத் தாண்டவில்லை. இன்ஜின் நலமாக உள்ளது. ஆயினும் வண்டியின் மதிப்பு குறையும். சந்தை விலை எண்பத்தோராயிரம். இக்குறைக்குக் கழிவு ஒன்பதாயிரத்து ஐந்நூறு. மீதி எழுபத்தோராயிரத்து ஐந்நூறு.”

மறைக்கப்பட்ட குறை எதுவும் இல்லை. அவர் எழுதியது எழுத்துக்கு எழுத்து உண்மை. குறை இருந்தது, ஏழாவது அட்டைக்குப் பின்னால், யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று இருந்தது.

டாக்மார் தன் அட்டவணையைப் பார்த்தாள். “என் கணக்குல கழிவு ஒம்பதாயிரத்து முந்நூறு. இவரு இருநூறு யூரோ வாங்குறவர் பக்கம் சாய்ச்சிருக்காரு. மண்டைக்குள்ள கட்டியோட போட்ட கணக்கா இது? எனக்கு அப்படி ஒரு கட்டி வந்தா நல்லாருக்கும்.” சொல்லிவிட்டு உதட்டைக் கடித்தாள். “மன்னிச்சுக்குங்க மேடம். என் வாய்க்குப் பூட்டு கிடையாது.”

“விலை நியாயம்தானா?” என்றார் யெஸ்ஸென்.

“நியாயத்துக்கு மேல.”

யெஸ்ஸென் கழுத்துத் துணியைத் தளர்த்தினார். முதல்முறையாகக் காப்பியை எடுத்துக் குடித்தார். “அப்போ நான் பேரம் பேசினதை வாபஸ் வாங்கிக்கிறேன். அவர் போட்ட விலைக்கே எடுத்துக்கிறேன்.”

“இன்னும் ரெண்டு வரி இருக்கு” என்றாள் டாக்மார். “நடந்த காலம்: அக்டோபர் பன்னிரண்டுக்கும் இருபத்தெட்டுக்கும் இடையில். தூரம்: நூற்றிருபத்தாறு கிலோமீட்டர். ஓட்டியவர்: நான். காரணம்: என் கவனக்குறைவு. எக்கார்ட் ஹேபர்லே.”

“அக்டோபர்லயா?” ஃபோல்க்மார் நெற்றியைச் சுருக்கினான். “பன்னண்டாம் தேதி நான்தானே அவனைக் கொண்டுபோய் உல்ம்ல சேர்த்தேன். இருபத்தெட்டாம் தேதிதான் கூட்டிட்டு வந்தேன். அவன் எப்படி...” நிறுத்தினான். ரோஸ்விதாவைப் பார்த்தான். பார்த்ததும் கண்ணைத் தரைக்குக் கொண்டுபோனான்.

உல்ம் ஆஸ்பத்திரிக்குப் போக அறுபத்து மூன்று, வர அறுபத்து மூன்று. போகும் முன் கிலோமீட்டர் எத்தனையில் நின்றது என்று எழுதி வைக்காமல் எக்கார்ட் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க மாட்டார். இதை அவள் யோசித்திருக்க வேண்டும். டிசம்பர் ஒன்பதாம் தேதி இந்த முக்காலியில் உட்கார்ந்து அவர் எல்லாவற்றையும் தெரிந்துகொண்டுவிட்டார். காரை எடுத்தது, மழையில் ஓட்டியது, இன்ஜினை அலற வைத்தது, ரயிலில் வந்தேன் என்று சொன்னது, எல்லாம். அன்று மாலை உள்ளே வந்து கை கழுவிக்கொண்டு மேசையில் உட்கார்ந்திருப்பார். அவள் சூப் ஊற்றியிருப்பாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம் பிப்ரவரி வரை இருந்தார், கேட்கவில்லை. வாழ்நாளெல்லாம் மூன்று கிராமுக்குச் சண்டை போட்ட மனிதர், தன் கடைசிக் காகிதத்தில் ‘நான்’ என்று ஒரு பொய்யை எழுதியிருந்தார்.

“பேனா இருக்கா?” என்றாள் ரோஸ்விதா.

டாக்மார் கொடுத்தாள்.

“ஓட்டினது அவர் இல்ல. நான். ஐசியுல இருந்து போன் வந்துச்சு, என் வண்டி கிளம்பல, இதை எடுத்தேன். ரயில்ல வந்தேன்னு அவர்கிட்ட சொன்னேன்.”

“மேடம், எனக்கு அது தேவையே இல்லை” என்றார் யெஸ்ஸென் மெதுவாக. “யார் ஓட்டினாலும் விலை அதேதான்.”

“உங்களுக்குத் தேவையில்ல. காகிதம் சரியா இருக்கணும்.”

தவறாக எழுதியதை அடித்துக் கிறுக்கக் கூடாது, அழிக்கவும் கூடாது என்பது எக்கார்டின் சட்டம். படிக்கும்படியாக ஒற்றைக் கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, தேதியும் சுருக்கொப்பமும் போட வேண்டும். அவள் ‘நான்’ என்பதன் மேல் ஒற்றைக் கோடு போட்டாள். பக்கத்தில் ‘ரோஸ்விதா, மனைவி’ என்று எழுதினாள். தேதியும் சுருக்கொப்பமும் போட்டாள். சாய்ந்து சிறுத்த அவர் எழுத்துக்குப் பக்கத்தில் அவள் எழுத்து பெரிதாக, தடித்து நின்றது.

அதற்குப் பிறகு எல்லாம் சட்டென்று முடிந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்து, வங்கியிலிருந்து பணம் வந்துவிட்டதாகப் போனில் செய்தி, இரண்டு சாவி. யெஸ்ஸென் காரை மெதுவாகப் பின்னுக்கு எடுத்தார். தெருமுனை வரை ஓடும் சத்தம் கேட்டது. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. நான்காவது சுத்தமாக விழுந்தது. டாக்மார் ரோஸ்விதாவின் கையை அழுத்திவிட்டுத் தன் வேனுக்குப் போனாள்.

கராஜ் காலியாக இருந்தது. தரையில் நான்கு டயரின் தடமும் நடுவில் ஒரு அட்டையும். பத்து வருடம் விரித்திருந்த அட்டை, ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. ரோஸ்விதா முக்காலியில் உட்கார்ந்தாள். அது அவளுக்கு உயரம் அதிகம், கால் தரையில் எட்டவில்லை.

“திட்டியிருக்கலாமே, எக்கார்ட்” என்றாள். “ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே.”

குரல் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. வந்தது தன் குரல்தான் என்று தெரிந்தது. முதலில் தாடை வலித்தது. பிறகு தொண்டை. பிறகு, பதினோரு வாரமாக எங்கே இருந்ததென்று தெரியாத வலி எல்லாம் மொத்தமாக வந்து இறங்கியது. இரண்டு கையாலும் முக்காலியைப் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி அழுதாள்.

ஃபோல்க்மார் வாசல் வரை வந்தான். வேலியில் சாய்த்திருந்த துடைப்பத்தை எடுத்தான். நடைபாதையில் அவள் விட்டிருந்த மீதிப் பாதியைப் பெருக்கத் தொடங்கினான்.